எஸ்.எஸ். துளைக்க டிரில்லிங் மெஷினை 300-க்கு இறக்கினேன்

கோவை கணபதியில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. சப்மெர்சிபிள் பம்பு ஷாஃப்டுக்குப் போடுகிற 410 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ராடில் 10 எம்.எம். துளை போடும் வேலை வந்தது. என்னிடம் இருந்தது உக்கடத்தில் பழசாக வாங்கிய பெஞ்ச் டிரில். அரை எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 1440 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). பெல்ட்டைப் புல்லியின் எந்தப் படியில் மாட்டினாலும் 600-க்குக் கீழே இறங்காது. "ஏனுங்ணா, இதும் நீலமாயிருச்சுங்க" என்று பையன் கொண்டு வந்து காட்டியது மூன்றாவது டிரில் பிட். முனை மழுங்கி, உரசி உரசியே சூடேறியிருந்தது.

கணக்கு ரொம்பச் சுலபம். 320-ஐ வெட்டும் வேகத்தால் (நிமிடத்துக்கு இத்தனை மீட்டர்) பெருக்கி, பிட்டின் எம்.எம். அளவால் வகுத்தால் ஆர்.பி.எம். கிடைக்கும். சாதா எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டுக்கு எம்.எஸ். என்கிற சாதாரண இரும்பில் 25 மீட்டர் வரை போகலாம்; 10 எம்.எம். பிட் 800-ல் ஓடும். எஸ்.எஸ்ஸில் 10, 12 மீட்டர்தான். அப்படியென்றால் 320-லிருந்து 380. நான் 600-ல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபேன் ரெகுலேட்டர் ஒன்றை மோட்டார் லைனில் கொடுத்துப் பார்த்தேன். இந்த வகை மோட்டாரின் வேகம் கரண்டின் 50 ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. வோல்டேஜைக் குறைத்தால் வேகம் அவ்வளவாகக் குறையாது, இழுவைதான் (சுற்றுகிற பலம், டார்க்) போகும். வோல்டேஜ் பாதியானால் இழுவை கால்வாசி. லோடு ஏறி வேகம் விழுந்ததும் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச், வேகம் ஏறியதும் கழற்றிவிட்டிருந்த ஸ்டார்ட்டிங் வைண்டிங்கை மறுபடி சேர்த்துவிட்டது. பத்தே நிமிடத்தில் வார்னிஷ் வாசம். ரீவைண்டிங் செலவு தண்டம்.

அப்புறம்தான் நடுவில் ஒரு புல்லி வைத்தேன். மோட்டாரில் இரண்டரை இஞ்ச், நடு ஷாஃப்டில் 6 இஞ்ச்: 1440 அங்கேயே 600 ஆகிவிடும். அதே நடு ஷாஃப்டில் 3 இஞ்ச் புல்லி, அதிலிருந்து ஸ்பிண்டிலின் (பிட்டைச் சுற்றும் தண்டு) 6 இஞ்ச் புல்லிக்கு இன்னொரு பெல்ட். 300. நடு ஷாஃப்ட் 20 எம்.எம்.; இரண்டு யு.சி.பி. 204 பேரிங் போதும். பேரிங் உட்காரும் தட்டில் போல்ட் துளைகளை நீளத் துளையாகப் போடுங்கள், இல்லாவிட்டால் பெல்ட்டை இறுக்க வழியிருக்காது. புல்லிகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள். பழைய மூடி இனி மூடாது. தகரத்தில் புதிதாக ஒன்று மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள், வேட்டியோ துண்டோ சிக்கினால் விளையாட்டில்லை.

காசு இருப்பவர்கள் த்ரீ ஃபேஸ் மோட்டாரும், ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி.யும் போடலாம். வீட்டு லைனில் ஓடும் வி.எஃப்.டி. 230 வோல்ட்தான் கொடுக்கும். 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் இருக்கும் மோட்டார் வைண்டிங்கை டெல்டா இணைப்புக்கு மாற்ற வேண்டும். பெயர்ப்பலகையில் 230 டெல்டா என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். ஆனால் அதில் வேகம் பாதியானால் பவரும் பாதி, விசிறியும் மெதுவாகிச் சூடேறும். புல்லியில் குறைத்தால் வேகம் குறைந்த அளவுக்கு இழுவை கூடுகிறது. எஸ்.எஸ்ஸுக்கு அதுதானே வேண்டும்? அதனால் என் ஓட்டு புல்லிக்கே.

அந்த இழுவையே ஆபத்தும். ராடைப் பிடிக்கும் வைஸை மேசையோடு போல்ட் போட்டு முடுக்குங்கள், கையால் பிடிக்க வேண்டாம். கையுறையும் ஆகாது. கட்டிங் ஆயிலை விட்டுக்கொண்டே இருங்கள். கைப்பிடியை அழுத்தினால் விடாமல் அழுத்துங்கள். தயங்கி உரசவிட்டால் எஸ்.எஸ். அந்த இடத்தில் இறுகிப்போகும், அப்புறம் புது பிட் கூட இறங்காது. சீவல் சுருளாக வந்தால் சரி, பொடியாக வந்தால் நீங்கள் உரசிக்கொண்டிருக்கிறீர்கள்.

பழைய பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 4 எம்.எம். பிட்டுக்கு எஸ்.எஸ்ஸிலேயே 800-க்கு மேல் வேண்டும். எனக்கு அது மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. புது பெல்ட் இரண்டையும் கழற்றி, இதை மோட்டாரிலிருந்து ஸ்பிண்டிலுக்கு நேராக மாட்ட இரண்டு நிமிடம்.