பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? பிள்ளையே சொல்லட்டும்

மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் ஆசிரியை நான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் அட்மிஷன் மேசையில் உட்காருவேன். "என்ன குரூப்மா வேணும்?" என்று பிள்ளையிடம்தான் கேட்பேன். பதில் பெரும்பாலும் அப்பாவிடமிருந்து வரும். பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

பரீட்சை முடிந்த விடுமுறையிலேயே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். ரிசல்ட் வந்துவிட்டால் மார்க்கும் சொந்தக்காரர்களும்தான் பேசுவார்கள்.

முதலில் பிளஸ் ஒன் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். தெருவில் யாராவது அக்காவிடம் பழையது இருக்கும். அரசு இணையதளத்தில் பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது. பத்தாவதில் அறிவியல் ஒரே பாடம். பிளஸ் ஒன்னில் அது இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று பிரிந்துவிடும். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் அதுவரை பாடமாகவே வந்திருக்காது. பார்க்காத பாடத்தைப் பிடிக்கும், பிடிக்காது என்று பிள்ளை எப்படிச் சொல்லும்? இயற்பியலில் இயக்கவியலையும், என் பாடத்தில் பற்று, வரவு எழுதும் குறிப்பேட்டுப் பதிவுகளையும் கொஞ்சம் படித்துப் பார்க்கட்டும். எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். யாரும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். பத்தாவது மார்க்கைவிட அதைத்தான் நான் நம்புகிறேன்.

அப்புறம், எந்த குரூப் எடுத்தால் எதில் சேரலாம், எதில் சேர முடியாது என்ற விவரம். இதைத் தேடித் தருவது பெற்றோர் பொறுப்பு. பொறியியல் கட்-ஆஃப் மொத்தம் 200: கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மருத்துவத்துக்கு நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். இரண்டையும் யோசிக்கிற பிள்ளைக்கு, கணக்கும் உயிரியலும் சேர்ந்திருக்கிற பயோ-மேத்ஸ். சிஏ-வுக்கும் ஐந்து வருட சட்டப் படிப்புக்கும் எந்த குரூப்பாக இருந்தாலும் சரி. பாலிடெக்னிக்கில் பத்தாவது முடித்தே சேரலாம்; மூன்று வருட டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, சில நாள் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருங்கள்.

"என் ஃப்ரெண்டு எடுக்கிறா, நானும் எடுக்கிறேன்" என்று சொன்னால் திட்ட வேண்டாம். "அவ வேற ஸ்கூலுக்குப் போயிட்டா உனக்கு இது பிடிக்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி போதும்.

உங்களுக்குப் பயம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். ஃபீஸ் கட்ட வசதி இல்லையென்றால், "இவ்வளவுதான் நம்மால முடியும்" என்று தொகையைச் சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டு நிலவரம் நன்றாகவே புரியும். காரணத்தைச் சொல்லாமல் "அது வேணாம்" என்று மறுப்பதுதான் மனசில் ஆறாமல் கிடக்கும்.

விண்ணப்பத்தில் குரூப்பைப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். இடம் இருந்தால் ஆரம்ப நாட்களில் குரூப் மாற்றித் தருவதுண்டு. எந்தத் தேதி வரை மாற்றலாம் என்பதைச் சேரும்போதே பள்ளியில் கேட்டு, பிள்ளையிடமும் சொல்லிவையுங்கள்.