இரைப்பையில் இரத்தம் கசியும் குளோமஸ் கட்டி: கண்டறிதலும் சிகிச்சையும்

இரத்த வாந்தியோ தார் போன்ற கருமலமோ கண்டு வருபவரிடம் கட்டியைத் தேடுவதற்கு முன், நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சீராக்க வேண்டும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் பொதுவாக இரத்தம் ஏற்றப்படுகிறது. அதன்பின், 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி செய்வது நல்லது.

நுண்ணிய இரத்தக்குழாய் இணைப்புகளைச் சூழ்ந்துள்ள தசை வகைச் செல்களிலிருந்து வளரும் அரிய வகையான இந்தக் குளோமஸ் கட்டி, பெரும்பாலும் இரைப்பையின் கீழ்ப்பகுதியில், வழவழப்பான சளிச்சவ்வு போர்த்திய மேடாகத் தெரியும்; அதன் உச்சியில் குழிப்புண் இருந்தால், இரத்தம் அங்கிருந்தே கசிந்திருக்கக்கூடும். இங்கேதான் அவசரம் கூடாது. பரிசோதனைக்காகத் திசுவை மேலோட்டமாகக் கிள்ளியெடுத்தால் பெரும்பாலும் இயல்பான சளிச்சவ்வே அகப்படும். ஆழமாகக் கிள்ளினாலோ இரத்தம் பீறிடலாம். ஆகவே எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டில் கட்டி இரைப்பைச் சுவரின் எந்த அடுக்கில் அமைந்துள்ளது என்று முதலில் பார்க்க வேண்டும். சாய ஊசி போட்டு எடுக்கும் சி.டி. ஸ்கேனில் அது, சாயம் தமனிகளில் பாயும் தொடக்க நேரமான தமனிக் கட்டத்திலேயே பளிச்சென ஒளிர்ந்து, பின்னரும் மங்காமல் நிற்பது வலுவான தடயம்.

தோற்றத்தில், இரைப்பை, குடல் சுவரில் வளரும் மற்றொரு வகையான ஜிஸ்ட் கட்டியோடு குழம்புவது எளிது. திசு ஆய்வில் எஸ்.எம்.ஏ. என்னும் தசைப் புரதக் குறியீடு தென்பட்டு, ஜிஸ்டுக்குரிய சி.டி.117, டாக்-1 என்னும் புரதக் குறியீடுகள் தென்படாதிருப்பதே இரண்டையும் பிரித்துக் காட்டும்.

சிகிச்சை, லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழி அறுவை) மூலம் கட்டியை, சுற்றியுள்ள இயல்பான திசுவின் சிறு விளிம்புடன் ஆப்பு வடிவில் வெட்டியெடுப்பது. பெரும்பாலானவை தீங்கற்றவை, எனினும் சில பரவக்கூடியவை என்பதால், அறுவைக்குப் பின்னும் தொடர் பரிசோதனை தேவை.