சூப்பர்ஹீரோ காமிக்ஸில் யூத மரபைத் தேடிப் படிப்பது எப்படி?

பழைய இதழ் கையில் கிடைத்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். அட்டையில் இருக்கும் மாதத்தை அப்படியே நம்பக் கூடாது. இதழ் கடையில் கூடுதல் நாள் கிடக்கட்டும் என்று பதிப்பாளர்கள் தேதியைத் தள்ளிப் போட்டார்கள். ஹிட்லரின் முகத்தில் கேப்டன் அமெரிக்கா குத்தும் முதல் இதழில் 1941 மார்ச் என்று இருக்கும். விற்பனைக்கு வந்ததோ 1940 டிசம்பரில், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஓராண்டு முன்பு. அமெரிக்கா போரில் இறங்காத காலத்தில் ஜோ சைமன், ஜாக் கிர்பி என்ற இரு யூத இளைஞர்கள் காட்டிய துணிச்சல் அது.

பிறகு, படைப்பாளர்களின் இயற்பெயர்களைத் தேடுங்கள்; புனைபெயர் யூதப் பின்னணியை மறைத்திருக்கலாம். கிர்பியின் இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பர்க். காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான் லீயின் இயற்பெயர் ஸ்டான்லி மார்ட்டின் லீபர். சிலரின் பெயரே விடுபட்டும் போயிருக்கும். பேட்மேனை உருவாக்குவதில் பெரும்பங்காற்றிய பில் ஃபிங்கரின் பெயர் பல பத்தாண்டுகள் பேட்மேனின் படைப்பாளர் வரிசையில் அச்சாகவே இல்லை; 2015இல்தான் முறையாகச் சேர்ந்தது.

இனி ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: அந்த இதழிலேயே இருப்பது, பின்னால் சேர்ந்தது, வாசகரின் ஊகம். பெரும்பாலோர் சறுக்குவது சூப்பர்மேனில்தான். எபிரேயத்தில் 'ஏல்' என்றால் கடவுள், ஆகவே சூப்பர்மேனின் பிறப்புப் பெயரான 'கால்-எல்' (Kal-El) யூதப் பெயர் என்பார்கள். 1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் படைத்த முதல் கதையில் அந்தப் பெயரே கிடையாது. 1939இல் நாளிதழ்த் தொடரில் வந்தபோது கடைசியில் 'L' என்ற ஒற்றை ஆங்கில எழுத்துதான் இருந்தது (Kal-L). அது 'E' என்ற எழுத்தும் சேர்ந்து 'El' என்று விரிந்தது 1942இல் வேறொருவர் எழுதிய நாவலில். ஆகவே அது இரண்டாம் பத்திக்குரியது. அழியும் உலகிலிருந்து குழந்தையைக் கலத்தில் அனுப்பும் காட்சி முதல் கதையிலேயே உண்டு. ஆனால் அது பைபிளில் குழந்தை மோசேயை ஆற்றில் விட்ட நாணற்பெட்டி என்பது மூன்றாம் பத்தி. அழகான ஊகம்தான், சான்று இல்லை. சூப்பர்மேனின் யூதத் தொடர்புக்குச் சான்று வேண்டுமென்றால் 1940ஐப் பாருங்கள்: நாஜி எஸ்.எஸ். படையின் வார இதழ் சீகலை யூதர் என்று சொல்லியே தாக்கி எழுதியது.

எக்ஸ்-மென் கதைகளில் வரும் மேக்னெட்டோவிலும் இதே கவனம் தேவை. 1963இல் அறிமுகமானபோது அவர் வெறும் வில்லன். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் நினைவு அவர் கதையில் நுழைந்தது 1981இல். 1963 இதழில் யூத இனப்படுகொலையின் வடுவைத் தேடுவது வீண்.

ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவில் வரும் 'தி திங்' பாத்திரத்துக்கு மூன்று பத்தியும் நிறையும். 1961இல் அறிமுகமான, கல் உடல் கொண்ட இந்த நாயகன் வளர்ந்த யான்சி தெரு, கிர்பி வளர்ந்த நியூயார்க் பகுதியில் உள்ள டிலான்சி தெருவை நினைவூட்டும். யூத நாட்டுப்புறக் கதைகளில் களிமண்ணில் உயிர்பெற்ற கோலெமோடு ஒப்பிடுவது வாசகர் வழக்கம். தான் யூதர் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி, யூதர்களின் முக்கிய ஜெபமான 'ஷெமா'வை உச்சரித்தது 2002இல்.