பழைய காருக்கு இக்னிஷன் காயில் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஓம் பாருங்கள்

வண்டி அரை மணி நேரம் அருமையாக ஓடும், சூடேறியதும் இழுத்து இழுத்து நின்றுவிடும், பானெட்டைத் திறந்து ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஸ்டார்ட் ஆகும். இதைச் சொன்னாலே "காயில் போச்சு" என்பார்கள், அதாவது பேட்டரி வோல்ட்டை ஸ்பார்க்குக்குத் தேவையான அளவு ஏற்றித் தரும் இக்னிஷன் காயில். இருக்கலாம். ஆனால் கெட்டுப்போன கண்டென்சரும் இதையேதான் செய்யும், பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டரில் மயிரிழை விரிசல் இருந்தாலும் இப்படி ஆகும், பெட்ரோல் லைனில் ஆவி அடைத்தாலும் இதே கதைதான். அதனால் வண்டி நின்ற அந்த நிமிஷத்திலேயே ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள், ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. ஸ்பார்க் இருந்தால் பெட்ரோல் பக்கம் தேடுங்கள். இல்லையென்றால் முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள், அது சின்னச் செலவு.

சரி, காயில்தான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது பிராண்டைத் தேடி ஓடாதீர்கள், பிரைமரி ரெசிஸ்டன்ஸ், அதாவது காயிலுக்குள் பேட்டரி கரண்ட் ஓடும் சுற்றின் மின்தடை, எத்தனை ஓம் வேண்டும் என்று கண்டுபிடியுங்கள். பாயின்ட் (காயிலில் ஓடும் கரண்டை மூடித் திறந்து விடும் தொடுமுனை) வைத்த 12 வோல்ட் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் காயில், சுமார் 3 ஓம். இன்னொன்று, காயிலுக்கு வரும் வோல்ட்டைக் குறைக்கும் பல்லாஸ்ட் ரெசிஸ்டரோடு சேர்ந்து ஓடும் காயில், சுமார் 1.5 ஓம். பல்லாஸ்ட் எல்லா வண்டியிலும் வெள்ளைப் பீங்கான் கட்டியாகக் கண்ணுக்குத் தெரியாது, சிலவற்றில் வயரிங்கிற்குள்ளேயே ரெசிஸ்டன்ஸ் வயராக ஒளிந்திருக்கும். எப்படித் தெரிந்துகொள்வது? பாயின்ட் மூடியிருக்கும்படி எஞ்சினைத் திருப்பி வைத்து, இக்னிஷனை ஆன் செய்து, காயிலுக்கு சப்ளை வரும் முனைக்கும் எர்த்துக்கும் (வண்டியின் உலோக பாடி) நடுவே வோல்ட் பாருங்கள். பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்தில் காட்டினால் பல்லாஸ்ட் இல்லை, 6 முதல் 8 வோல்ட் காட்டினால் இருக்கிறது. பாயின்ட் திறந்திருந்தால் கரண்ட் ஓடாது, அப்போது இரண்டு வண்டியிலும் 12 வோல்ட்தான் காட்டும், அதை நம்பி ஏமாற வேண்டாம். பார்த்து முடித்ததும் இக்னிஷனை ஆஃப் செய்துவிடுங்கள். எஞ்சின் ஓடாமல், பாயின்ட் மூடிய நிலையில் ஆனிலேயே கிடந்தால் நல்ல காயிலும் வெந்துபோகும்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், பல்லாஸ்ட் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலை மாட்டினால் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு 9 ஆம்பியர் வரை இழுக்கும். பாயின்ட் தாங்குவது 4, 5 ஆம்பியர்தான். பாயின்ட் கருகும், காயில் தொட முடியாதபடி கொதிக்கும், பழியோ காயில் கம்பெனி மேல் விழும். மாறாக பல்லாஸ்ட் இருக்கும் வண்டியில் 3 ஓம் காயில் மாட்டினால் ஆபத்தில்லை, ஆனால் ஸ்பார்க் சோகையாக இருக்கும். 0.6, 0.8 ஓம் என்று போட்டிருப்பவை எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கானவை, பாயின்ட் வண்டியில் மாட்டவே கூடாது. 6 வோல்ட் வண்டிக்கு 6 வோல்ட் காயில்தான்.

"40,000 வோல்ட் ஸ்போர்ட்ஸ் காயில்" என்ற லேபிளுக்கு மயங்க வேண்டாம். பிளக் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு வோல்ட் தேவையோ அதுவரைதான் ஏறும், அதற்குள் ஸ்பார்க் பாய்ந்துவிடும். சாதாரணமாக ஓட்டும் பழைய எஞ்சினுக்கு அந்தப் பெரிய எண்ணால் லாபம் எதுவுமில்லை.

வாங்கும் இடத்தில் விற்பவரிடம் "பிரைமரி எத்தனை ஓம், ஆயில் நிரப்பியதா?" என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது. பெயர் பெற்ற காயில்களுக்குப் போலிகள் உண்டு, பெட்டியும் ஸ்டிக்கரும் அச்சு அசலாக இருக்கும், அதனால் மீட்டரைத்தான் நம்ப வேண்டும். மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் 0.2 அல்லது 0.3 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே பிரைமரி, நடுக் கோபுரத்துக்கும் ஒரு சின்ன முனைக்கும் நடுவே செகண்டரி (ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட் உண்டாகும் சுற்று), அது பொதுவாக 5,000 முதல் 15,000 ஓமுக்குள் இருக்கும். எந்த முனைக்கும் காயிலின் உலோக உடம்புக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. பழைய ஸ்டாக் ஆயில் காயில் என்றால் மூடியைச் சுற்றி எண்ணெய் கசிந்த பிசுபிசுப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இருந்தால் வேண்டாம். அப்புறம் ஹெச்டி வயர் (காயிலிலிருந்து ஸ்பார்க்கைக் கொண்டுபோகும் தடித்த வயர்) அழுத்திச் சொருகும் வகையா, திருகும் வகையா, கிளாம்ப் அளவு பொருந்துமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது போலாரிட்டியை, அதாவது எந்த முனை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை, கவனியுங்கள். பழைய லூகாஸ் காயில்களில் எஸ்டபிள்யூ என்றால் சுவிட்ச் பக்கம், சிபி என்றால் பாயின்ட் பக்கம். பாஷ் காயில்களில் 15 என்றால் சுவிட்ச் பக்கம், 1 என்றால் பாயின்ட் பக்கம். பிளஸ், மைனஸ் போட்ட புதுக் காயிலை பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் பாடியோடு இணைந்த) வண்டியில் மாட்டினால் மைனஸ் சுவிட்சுக்கும் பிளஸ் பாயின்ட்டுக்கும் போக வேண்டும். மாற்றி மாட்டினாலும் ஓடும், ஆனால் ஸ்பார்க்குக்கு வீணாக அதிக வோல்ட் தேவைப்படும்.

ஆறிய நிலையில் மீட்டர் சரி என்று சொன்ன காயிலும் சூட்டில் உள்ளே இன்சுலேஷன் விட்டுப் படுத்துவிடலாம். அதனால் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் வெயில் நேரத்தில் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டி, உடனே மறுபடி அளந்து பாருங்கள். 20 டிகிரியில் 3 ஓம் காட்டியது 80 டிகிரியில் 3.7 வரை ஏறுவது செம்பின் இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண் குறைந்தாலோ, நிலைக்காமல் குதித்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.