குஞ்சு மீனுக்கு வைக்கோல் தண்ணீர்

கௌராமி, பைட்டர் குஞ்சுகளின் வாய்க்கு அப்போதுதான் முட்டையிலிருந்து வந்த ஆர்ட்டீமியா என்ற பொடி இறால்கூடப் பெரிது. முதல் சில நாட்களுக்கு இன்ஃபியூசோரியா, அதாவது தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்கள்தான் வேண்டும். அதை வைக்கோல் தண்ணீரில் வளர்த்துக்கொள்ளலாம். எங்கள் கும்பகோணம் பக்கம் தை அறுவடை முடிந்தால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. மருந்தடிக்காத வயலா என்று கேட்டு வாங்குங்கள். இதில் மட்டும் சமரசமே கூடாது.

ஒரு கைப்பிடியைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறியதும் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, பழைய மீன்தொட்டித் தண்ணீர் ஒரு டம்ளர் சேருங்கள். வாய்க்கால் தண்ணீர் வேண்டாம், அதில் ஹைட்ரா என்ற சிறு நீர் உயிரி வந்தால் குஞ்சைத் தின்றுவிடும். ஜாடியைத் துணியால் மூடி நிழலில் வையுங்கள்.

முதலில் வெள்ளையாகக் கலங்கி நாறும், அது பாக்டீரியா. அதைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகப் பெருகத் தண்ணீர் தெளியும். டார்ச் அடித்துப் பார்த்தால் பொடிப்பொடியாக அசைவது தெரியும். சரி, இனி கொடுக்கலாம். தினமும் மூன்று நான்கு முறை, சிரிஞ்சில் கொஞ்சமாக. ஜாடி தயாராக ஒரு வாரம்கூட ஆகலாம், அதனால் மீன்களை ஜோடி சேர்க்கும் முன்பே வைத்துவிடுங்கள்.