கூண்டு ஏற்றவில்லை என்றால் கடலுக்குப் போகலாமா?

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போகக் கூடாது. சரி, இன்று கூண்டு ஏற்றவில்லை. அப்படியானால் போகலாமா? 'போகலாம்' என்று வாய் முந்திக்கொள்ளும். தர்க்கத்தில் நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். முதலில் சொன்ன விதி கூண்டு ஏறிய நாளுக்கு மட்டும்தான். ஏறாத நாளைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. கூண்டு எதுவும் இல்லாமல், பலத்த காற்று எச்சரிக்கையை வைத்தே, கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கனை மீன்வளத் துறை நிறுத்துவதும் ராமேசுவரத்தில் நடப்பதுதான்.

அதையே திருப்பிப் போடுவது அடுத்த தவறு. புயல் என்றால் டோக்கன் கிடையாது. டோக்கன் கிடையாது, ஆகவே புயல். வாட்ஸ்அப்பில் இப்படித்தான் புரளி கிளம்புகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கின்றன. அதற்குக் காரணம் மீன்களின் இனப்பெருக்கம், புயல் இல்லை.

மணிமேகலையின் 29ஆம் காதையில் பெரும்பகுதி, எது சரியான வாதம், எது தவறு என்ற தர்க்கம்தான். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல என்பது அதில் வரும் எடுத்துக்காட்டு. புகை இல்லை, ஆகவே நெருப்பும் இல்லை என்று சொல்லலாமா? சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் ராமநாதபுரத்துக்காரரிடம் கேளுங்கள். நன்றாகப் பிடித்த கங்கில் புகை இருக்காது. கை வைத்தால் தெரியும்! 'நெருப்பு இல்லை, ஆகவே புகையும் இல்லை' என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வாதம் சரியாக இருந்தும் முடிவு தவறாகப் போவதுண்டு. கடலில் வாழ்வதெல்லாம் மீன். ஆவுளியா என்ற கடல்பசு கடலில் வாழ்கிறது. ஆகவே ஆவுளியா மீன். கோர்வையில் குற்றமே இல்லை, முதல் வரிதான் பொய். ஆவுளியா குட்டிக்குப் பால் கொடுக்கும் பாலூட்டி.

'புது வலை இறக்கினேன், அந்த வாரமே நண்டு அள்ளியது' என்பார்கள். பக்கத்துப் படகின் பழைய வலையிலும் அள்ளியதா என்று கேட்டுப் பாருங்கள். தடைக்காலம் முடிந்த வாரமாக இருந்தால் பெருமை வலைக்குப் போகாது.

இதைவிட ஆபத்தான பேச்சு ஒன்று உண்டு. 'அந்தக் காலத்தில் லைஃப் ஜாக்கெட்டா போட்டோம்? எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?' திரும்பி வந்தவர்தான் இப்படிக் கேட்க முடியும். வராதவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பதில் சொல்லப் போவதில்லை. கரைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தக் கடலும் சாதுவாகத்தான் தெரியும்.

'நீ படகே ஏறினதில்லை, உனக்கென்ன தெரியும்?' என்று ஆளை அடக்குவதும் வாதத்தில் சேராது. அறிவிப்பில் காற்று 55 கிலோமீட்டர் வேகம் என்று போட்டிருந்தால், அதைப் படித்துக் காட்டுகிறவர் மளிகைக்கடைக்காரராக இருந்தாலும் 55தான்.