வீட்டிலேயே ஏர் சஸ்பென்ஷன் மாட்டும்போது மலைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் கார் வேலையை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். காயில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு பெல்லோஸ் (எடையைத் தாங்கும் காற்றடைத்த ரப்பர் பை) வைக்கிற முழு கிட்டும் சரி, இருக்கிற ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பையைச் செருகுகிற ஹெல்பர் கிட்டும் சரி, ஆன்லைனிலேயே கிடைக்கிறது. ஓரளவு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் மாட்டிவிடலாம். ஆனால் சமவெளியில் வண்டி கொஞ்சம் ஆடுகிறது என்ற அளவில் முடிகிற தவறு, குன்னூர் மலைப்பாதையின் பர்லியார் இறக்கத்தில் வேறு மாதிரி முடியும். அதனால் இங்கே நான் சொல்வதெல்லாம் மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்துத்தான்.

முதலில், நான் மிகவும் பயப்படுகிற தவறு. வலது, இடது இரண்டு பெல்லோஸையும் ஒரு ‘டி’ ஜாயின்ட் போட்டு ஒரே குழாயில் இணைப்பது. குழாய் மிச்சம், வால்வு மிச்சம், இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்று நினைத்துச் செய்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் எடை இடப்பக்கச் சக்கரங்கள் மேல் சாய்கிறது. இடது பெல்லோஸ் அமுங்குகிறது. இரண்டுக்கும் குழாய் ஒன்றுதான் என்பதால் அந்தக் காற்று வலப்பக்கம் ஓடிப்போகும். தாங்க வேண்டிய பக்கம் இன்னும் தாழும், எடை இல்லாத பக்கம் இன்னும் உயரும். வண்டி சாய்வதற்கு சஸ்பென்ஷனே துணை போகிறது. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 14, ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டியில் 36. ஒவ்வொன்றிலும் இதுவே நடக்கும். ஆகவே ஹெல்பர் கிட் என்றாலும் பக்கத்துக்கு ஒரு குழாய், ஒரு காற்று வால்வு வையுங்கள். நான்கு சக்கரத்துக்கும் முழு கிட் என்றால் ஒவ்வொரு பெல்லோஸுக்கும் ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று என 8 வால்வு வேண்டும். இந்தச் செலவைக் குறைக்கவே கூடாது.

அடுத்தது ஜாக்கி. நம் ஊரில் வாசல் பெரும்பாலும் சரிவுதான். பல கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிய நொடியில் வண்டியைப் பிடிக்க ஒன்றும் இல்லை. முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, ஜாக்கி ஸ்டாண்டில் எடையை இறக்கிய பிறகுதான் அடியில் போக வேண்டும். மழை பெய்து ஊறிய மண்ணில் ஸ்டாண்ட் மெதுவாக இறங்கும். கான்கிரீட் சமதளம் இல்லையென்றால் தெரிந்தவர் பட்டறையில் ஒரு நாள் இடம் கேளுங்கள். கிட் மாட்டிய பிறகும், காற்று நிரம்பிய பெல்லோஸை நம்பி அடியில் படுக்காதீர்கள். ஒரு குழாய் கழன்றால் பாடி அப்படியே இறங்கிவிடும்.

முன்பக்க ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணை) பிரிக்கும்போது, ஸ்பிரிங் கம்ப்ரசரால் ஸ்பிரிங்கை அமுக்காமல் மேல் நட்டைத் தொடவே வேண்டாம். அந்த ஸ்பிரிங் தெறித்தால் உயிர் போகும். சந்தேகம் இருந்தால் இந்த ஒரு வேலையை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

காற்றுக் கசிவுக்கு வருவோம். அமெரிக்கக் கிட்களில் மரை பெரும்பாலும் என்.பி.டி. என்ற அமெரிக்க அளவுமுறை, நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் அளவுமுறை. கால் அங்குல ஃபிட்டிங்கில் என்.பி.டி.க்கு அங்குலத்துக்கு 18 மரை, பி.எஸ்.பி.க்கு 19. ஒன்றில் மற்றதை மாட்டினால் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். பொருந்திவிட்டது என்று நினைத்து முறுக்கினால் அலுமினிய வால்வுத் தொகுதியின் மரை போய்விடும். அரை அங்குலத்தில் இரண்டுக்கும் 14 மரைதான், ஆனால் மரையின் கோணம் வேறு. அது முழுக்க ஏறியும் கசியும். டெஃப்லான் டேப் சுற்றினால் முதல் ஒன்றிரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிய்ந்த துணுக்கு ஒன்று வால்வுக்குள் போய் உட்கார்ந்தால் அந்த வால்வு மூடாது, ராத்திரியோடு ராத்திரியாக ஒரு மூலை இறங்கிவிடும்.

நைலான் குழாயைக் கட்டிங் பிளையரால் வெட்டுவது எல்லோரும் செய்கிற தவறு. வாய் நசுங்கிக் கோணலாகும், ஃபிட்டிங்குக்குள் உள்ள ரப்பர் வளையம் முழுதாகப் பிடிக்காது. குழாய் வெட்டுவதற்கென்றே உள்ள கட்டர் விலை அதிகமில்லை. காற்றை அமுக்கித் தரும் கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் உலோகப் பின்னல் குழாயைக் கழற்றிவிட்டு நைலானைச் செருகுவதும் கூடாது. கம்ப்ரசர் விட்டு வெளிவரும் காற்று கொதிக்கும், நைலான் அங்கே இளகிவிடும்.

இனி மலையின் காற்று. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கோயம்புத்தூரில் கிட்டின் காற்று டேங்க் நிரம்ப 3 நிமிடம் ஆனால் இங்கே 4 நிமிடம் அளவுக்கு ஆகும். கம்ப்ரசருக்குக் கோளாறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சூடாக்காதீர்கள். எவ்வளவு நேரம் ஓடலாம், எவ்வளவு நேரம் ஆறவேண்டும் என்று கிட்டில் எழுதியிருப்பதை இங்கே இன்னும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் கம்ப்ரசர் இழுக்கிற காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். டேங்கில் அது தண்ணீராகச் சேரும். மார்கழி, தையில் ஊட்டியில் உறைபனி விழும் விடியற்காலையில் அதே தண்ணீர் வால்வில் உறைந்தால் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் நடக்காது. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம் வையுங்கள். டேங்கின் வடிகுழாய் கீழ்ப்பக்கம் வரும்படி மாட்டி, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள். கம்ப்ரசரையோ அதன் காற்று வாயையோ சக்கரம் தண்ணீர் அடிக்கிற இடத்தில் வைக்க வேண்டாம்.

குளிரில் வண்டி தாழ்ந்திருந்தால் உடனே கசிவு என்று முடிவு செய்யாதீர்கள். 20 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுமார் 5 சதவீதம் சுருங்கும். 15 சென்டிமீட்டர் உயர பெல்லோஸில் அது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதற்கு மேல் இறங்கியிருந்தால் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், எங்கேயோ குமிழி வரும்.

வயரிங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ், கம்ப்ரசருக்கு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), கிட் சொல்லும் தடிமனில் வயர். சிகரெட் லைட்டர் வயரிலிருந்து கரண்ட் எடுப்பது தீப்பிடிக்க வழி.

புஷ், அதாவது ஆர்ம் போல்ட் போகும் இடத்து ரப்பர் உறை. இதைப் பலர் கவனிப்பதில்லை. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்ம் போல்ட்டை முழுக்க முறுக்கினால், வண்டி இறங்கியதும் புஷ் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும்; சீக்கிரம் கிழியும். ஓட்டுகிற உயரத்துக்குக் காற்று நிரப்பி, எடை சக்கரத்தில் இருக்கும்போது டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு இறுக்கத்தைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். வீல் அலைன்மென்ட்டும் அதே உயரத்தில்தான் பார்க்க வேண்டும். ஹெட்லைட்டையும் மறக்காதீர்கள்: முன்பக்கம் இரண்டு விரல் உயர்ந்தாலே மூடுபனியில் வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

சில ஜீப், பிக்கப், வேன்களில் பின் அச்சுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சிறு கம்பி போகும். எடை ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கச் சொல்வது அந்தக் கம்பிதான். ஹெல்பர் பை வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், கேரட் மூட்டை நிறைய இருந்தாலும் வண்டி காலி என்றே அது நினைக்கும். பின் பிரேக் குறையும், இறக்கம் முழுக்க முன் பிரேக்கே வேலை செய்து சூடேறும். உங்கள் வண்டியில் அது இருந்தால் புதிய உயரத்துக்கு ஏற்றபடி அதைச் சரிசெய்யாமல் சாலையில் இறங்காதீர்கள். இன்னொன்று, காற்று நிரப்பிப் பின்பக்கம் நிமிர்ந்ததால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. பிரேக்கும் டயரும் அச்சும் பழையவைதான்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை வைத்து, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். கிட் வாங்குவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு தெரிவிப்பதில் பயனில்லை.

மாட்டி முடித்ததும் நேரே கல்லட்டிக்குப் போகவேண்டாம். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, காற்றை முழுக்க இறக்கியும் ஏற்றியும், பெல்லோஸ் டயரிலோ பாடியிலோ உரசுகிறதா, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடுகிறதா என்று பாருங்கள். ஓர் இரவு நிறுத்திவைத்து நான்கு மூலையையும் டேப்பால் அளந்து ஒப்பிடுங்கள். முதல் ஓட்டம் குன்னூரிலிருந்து ஊட்டி மாதிரி ஏற்றமாக இருக்கட்டும், திரும்பும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். அப்போது குழாயில் எங்காவது தேய்ந்த தடம் தெரிந்தால், டேப் சுற்றி விடாமல் அந்தக் குழாயையே மாற்றி வேறு வழியாகக் கொண்டுபோய்க் கட்டுங்கள்.